22 வயசுலயே தொடங்குற கதை

"ஹார்ட் அட்டாக்கா? அதெல்லாம் அம்பது தாண்டினப்புறம் பாத்துக்கலாம்"னு நினைக்கிற ஆளா நீங்க? அப்போ இன்னைக்கு எபிசோட் உங்களுக்குத்தான்.

கொரியப் போர் 1950லிருந்து 1953 வரைக்கும் நடந்துச்சு. அந்தச் சண்டையில இறந்த அமெரிக்க வீரர்கள் 300 பேரோட இதயத்தை ஈனோஸ், ஹோம்ஸ், பேயர்னு மூணு ராணுவ டாக்டர்கள் அறுத்துப் பார்த்தாங்க. வயசு பதிவாகியிருந்தவங்களோட சராசரி, வெறும் 22. நல்ல உடல்தகுதியோட போருக்குப் போன பசங்க. ஆனா அந்த 300 பேர்ல 77 சதவீதம் பேரோட இதய ரத்தக்குழாய்ல நோயோட அடையாளம் இருந்துச்சு. சிலருக்கு லேசான தடிப்பு, சிலருக்கு முழு அடைப்பே. 1953ல இந்த ரிசல்ட் வெளியானப்போ மருத்துவ உலகமே அதிர்ந்துபோச்சு.

சரி, ரத்தக்குழாய்க்குள்ள அப்படி என்னதான் நடக்குது? நாம பொதுவா, தண்ணி பைப்புல பாசி பிடிக்கிற மாதிரி கொழுப்பு உள்பக்கம் ஒட்டிக்குதுன்னு நினைக்கிறோம். மைக்ராஸ்கோப் காட்டுறது வேற. பிரச்சினை குழாயோட சுவருக்குள்ள இருக்கு.

குழாயோட உள்பக்கத்தை எண்டோதீலியம்னு ஒரே ஒரு செல் தடிமனான படலம் மூடியிருக்கும். சிகரெட், பிபி, சுகர் இதெல்லாம் அந்தப் படலத்தைக் கெடுக்கும். ரத்தத்துல எல்டிஎல் கொழுப்பு அதிகமா இருந்தா, அது படலத்தைத் தாண்டி சுவருக்குள்ள போய்த் தங்கிடும். அதை அப்புறப்படுத்த மேக்ரோஃபேஜ்ங்கிற காவல்கார செல்கள் வரும். வந்து தின்னும், தின்னுட்டே இருக்கும், கடைசியில ஊதிப்போய் அங்கேயே மாட்டிக்கும்.

ஸ்லைடு தயாரிக்கும்போது திசுவை மெழுகுல பதிச்சு, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிசா சீவுவாங்க. அதுக்கு முன்னாடி போடுற ரசாயனங்கள்ல கொழுப்பு கரைஞ்சு போயிடும். அதனால மைக்ராஸ்கோப்ல அந்த செல்லுக்குள்ள குட்டிக் குட்டி ஓட்டைகள்தான் தெரியும், சோப்பு நுரை மாதிரி. அதான் அதுக்குப் பேரே ஃபோம் செல்.

இந்தக் கட்டத்துல வலி இருக்காது. மூச்சு வாங்காது. சாதாரண ஈசிஜியும் நார்மலா இருக்கும். வருஷக்கணக்குல அந்த இடம் தடிச்சு, மேல நாரால ஒரு மூடி உருவாகும். ஒருநாள் அந்த மூடி கிழிஞ்சா, அங்கே ரத்தம் உறையும். அதுதான் ஹார்ட் அட்டாக். நமக்குத் திடீர்னு வந்த மாதிரி தெரியும். சுவருக்கு அது பல வருஷக் கதை.

பயமுறுத்திட்டேனா? நல்ல செய்தியும் இருக்கு. 2001லிருந்து 2011 வரைக்கும் இறந்த 3,832 அமெரிக்க வீரர்களோட பரிசோதனை முடிவு 2012ல வந்துச்சு. இந்தத் தடவை நோய் இருந்தது 8.5 சதவீதம் பேருக்குத்தான். ரெண்டு ஆய்வும் கணக்கெடுத்த முறை ஒண்ணு இல்ல, அதனால அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் இளம் வயசுல இந்த நோய் தவிர்க்கவே முடியாத ஒண்ணு இல்லைங்கிற நம்பிக்கையை இது தருது.

அதனால இந்த மாசம் ஒரு தடவை பிபி, சுகர், கொலஸ்ட்ரால் பார்த்துடுங்க. சிகரெட் இருந்தா விடுங்க. அப்படியே இந்த எபிசோடை, டீக்கடையில "ஒண்ணே ஒண்ணு மச்சி"ன்னு பத்த வைக்கிற அந்த நண்பருக்கும் அனுப்பிடுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!