மலையேறி வரும் சிசுவுக்கு ஒரு போர்வை
(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



சேலம் நகரம் கடல் மட்டத்திற்குமேல் சுமார் 900 அடி உயரத்தில் இருக்கிறது. ஏற்காடோ சுமார் 5,000 அடி உயரத்திலுள்ளது. இடையிலுள்ள மலைப்பாதையில் 20 கொண்டையூசி வளைவுகள். ஆயிரம் அடி ஏறுந்தோறும் வெப்பம் ஏறக்குறைய 2 டிகிரி சென்டிகிரேட் குறையும் என்பது பூகோள சாஸ்திரிகளின் பொதுக் கணக்கு. ஆகவே அடிவாரத்தில் பஸ் ஏறுகிறவர், மேலே இறங்கும்பொழுது, சுமார் 8 டிகிரி குறைந்த காற்றிலே இறங்குகிறார். பெரியவர்களுக்கு இது சுகம். அதற்காகவே கோடையில் ஜனங்கள் திரள் திரளாய் வருகின்றனர். பிரசவத்திற்காகச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்ட தாயின் மடியில், சில நாட்களுக்குப் பின் திரும்பி வரும் சிசுவின் விஷயமோ வேறு. ஐப்பசி, கார்த்திகை மாதத்து மூடுபனியில், ஜன்னல் வழியே ஈரக்காற்று வீசும் வண்டியில், மெல்லிய துண்டு ஒன்றில் சுற்றப்பட்டு அது வருகிறது.

சேர்வராயன் மலைக் கிராமங்களில் பிள்ளை பிறந்த வீட்டிற்கு எதைப் பரிசாகக் கொண்டு செல்வது என்பதே இங்கு எடுத்துக்கொண்ட விஷயம். இது வீட்டுப் பெண்டுகளின் யோசனைக்குரியதேயன்றிச் சங்கத்தில் பேசத்தக்கதன்று என்று அங்கத்தினர் சிலர் எண்ணக்கூடும். ஆனால் சங்கத்துக் கடன் புஸ்தகத்தைப் புரட்டிப் பார்த்தவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள். 1904 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஐக்கிய நாணய சங்கங்கள் ஏற்பட்ட நாள் முதல், விளைச்சலுக்கென்று வாங்கின பணம் வீட்டு விசேஷங்களில் கரைந்துபோவதைப் பற்றிய பேச்சு ஓய்ந்தபாடில்லை. உரத்துக்கு வாங்கின பணம் வெள்ளி அரைஞாணாகவும் காலுக்குத் தண்டையாகவும் மாறிவிடுகிறது. அடுத்த வருஷம் வட்டி கட்ட அதே தண்டை அடகுக்குப் போகிறது. அன்பினால் செய்வதை யாரும் குறை கூறுவதற்கில்லை. ஆனால் வெள்ளி குளிரைத் தாங்காது.

சிசுவின் உடம்பு சிறிது; அதன் நிறைக்கு மேற்பரப்பு அதிகம்; தோலின்கீழ்க் கொழுப்பு மிகக் குறைவு. பெரியவர்களைப் போல நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ளும் சக்தியும் அதற்கில்லை. ஆகவே ஈரத்திலும் காற்றிலும் வெகு சீக்கிரம் குளிர்ந்துபோகிறது. குளிர்ந்த குழந்தை சோர்ந்து, பால் குடியாது, மேலும் குளிர்கிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 1997 இல் வெளியிட்ட சிசுரட்சணைக் குறிப்பில், பிறந்தவுடன் துடைத்தல், தாயின் மார்போடு அணைத்தல், நீராட்டுதலை ஒத்திப்போடுதல் முதலியவற்றோடு, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுபோகும்போது வெப்பம் குறையாமல் காத்தலும் ஓர் அம்சமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. மலைவாசிகளுக்கு அந்த அம்சமே முக்கியமானது. தமிழ்நாட்டு அரசாங்கம் 2015 இல் ஆஸ்பத்திரிகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு வழங்கத் தொடங்கிய பரிசுப் பெட்டகத்தில் 16 வகைப் பொருள்கள் இருந்தன. துண்டு, சட்டை, சிறு படுக்கை, கொசுவலை எல்லாம் அவற்றுள் அடக்கம். கம்பளிப் போர்வை இல்லை. சமவெளிக்கும் மலைக்கும் ஒரே பெட்டகம், அதில் தவறொன்றுமில்லை. மலைக்கு வேண்டிய அதிகப்படியான ஒன்றை மலையிலுள்ளவர்களே செய்துகொள்ளலாம்.

முதலில் நூலைப் பற்றிச் சொல்லவேண்டும். சேலம் ஜில்லா ஆட்டுக்குப் பேர்போனது. ஆனால் பெயர்பெற்ற மேச்சேரி ஆடு இறைச்சிக்கும் தோலுக்கும் உரியதேயன்றிக் கம்பளிக்கு உதவாது. அதன் மேலுள்ளது குட்டை ரோமந்தான். குறும்பர் முதலிய இடையர் நெய்யும் நாட்டுக் கம்பளி நல்ல வெப்பந்தரும். ஆனால் முரடானபடியால் சிசுவின் தோலைக் குத்தும். நீலகிரி ஆட்டின் ரோமம் மெல்லியது. அது கிடைப்பது அரிது. எனவே கடையில் விற்கும் நூலைத்தான் வாங்கவேண்டியதாயிருக்கிறது. இங்கேதான் எச்சரிக்கை தேவை. கடைக்காரர் ‘உல்லன்’ என்று சொல்லிக் கொடுப்பதில் பெரும்பகுதி அக்ரிலிக் என்னும் செயற்கை நூல். துண்டு நூலொன்றைத் தீயில் காட்டினால் உண்மை விளங்கும். மெய்யான கம்பளி மயிர் கருகும் நாற்றத்துடன் மெதுவாய் எரிந்து, தீயினின்று எடுத்தால் அணைந்து, நசுக்கினால் பொடியாகும். பருத்தி காகிதம் எரியும் மணம் வீசும். அக்ரிலிக் உருகிச் சொட்டிக் கெட்டி முத்தாய் இறுகிவிடும். கணப்புச் சட்டியருகே குழந்தையை வைத்துக்கொள்ளும் குளிர்ப் பிரதேசத்தில் உருகும் நூல் ஆகாது. பருத்தி மெல்லியதுதான், தோலுக்கு இதமானதுதான். ஆயினும் நனைந்துவிட்டால் வெப்பந்தராது. கம்பளியோ தன் நிறையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு ஈரத்தை உள்வாங்கியும் நனைந்ததாகத் தோன்றாது. மூடுபனி நாட்டுக்குக் கம்பளியே தக்கது. உள்ளே பழைய பருத்தி வேஷ்டியின் மெல்லிய துணி, மேலே கம்பளி; இப்படி இரண்டுமாய்ச் சேர்த்துச் சுற்றுவது எல்லாவற்றிலும் நல்லது.

இனிப் பின்னும் முறை. ஒருவரே 30 அங்குலச் சதுரப் போர்வையை முடிப்பதென்றால் புதிதாய்க் கற்பவர் பாதியில் போட்டுவிடுவார். அப்படிப் பாதியில் நின்ற பின்னல்கள் எத்தனையோ வீட்டுப் பெட்டிகளில் ஊசியோடு உறங்குகின்றன. ஆகையால் பகுத்துச் செய்வதே உத்தமம். 2016 ஆம் ஆண்டு ஜனவரி 31 இல் சென்னையில் ‘மதர் இந்தியாஸ் குரோஷா குயின்ஸ்’ என்னும் பெண்கள் குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வை ஒன்றைக் காட்டி, அந்நாளில் உலகிலேயே பெரிதென்று கின்னஸ் அங்கீகாரம் பெற்றனர். அது கொக்கி ஊசியொன்றால் பின்னும் குரோஷா வேலை. இங்கே சொல்லப்படுவது இரண்டு ஊசி வேலை. ஆனால் அங்கே நடந்தது என்னவெனில், பல ஊர்களிலுமிருந்த பெண்கள் தத்தம் வீட்டில் தனித்தனியே பின்னினவற்றைக் கொணர்ந்து இணைத்ததேயாம். எந்த ஒருவரும் பெரிய போர்வை பின்னவில்லை.

அவ்வாறே ஒன்பது வீட்டார் சேர்ந்து, வீட்டுக்கு ஒன்றாய் 10 அங்குலச் சதுரம் பின்னினால், மூன்று மூன்றாய் இணைத்து 30 அங்குலப் போர்வை ஆகிவிடும். நடுத்தரப் பருமனுள்ள நூலில் 50 கிராம் உருண்டை ஒன்று ஒரு சதுரத்துக்குப் போதும். சிறிது மிச்சமும் ஆகும். 8 ஆம் நம்பர் ஊசி, அதாவது 4 மில்லிமீட்டர் கனமுள்ளது, இரண்டு வேண்டும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஒருவர் கை இறுக்கம், மற்றொருவர் கை தளர்ச்சி. ஒரே எண்ணிக்கையாய்க் கண்ணி போட்டுப் பின்னினாலும் ஒருவர் சதுரம் 9 அங்குலமும் மற்றவர் சதுரம் 11 அங்குலமுமாய் வந்து நிற்கும். இணைக்கும்போது போர்வை கோணிக்கொள்ளும். இதற்கு மூலையிலிருந்து மூலைக்குப் பின்னும் முறையே பரிகாரம். நான்கு கண்ணி மட்டும் ஊசியில் ஏற்றி, ஒரு வரிசை பின்னுக. பின்பு ஒவ்வொரு வரிசையிலும் முதல் இரண்டு கண்ணிகளைப் பின்னி, நூலை ஊசியின்மேல் ஒருமுறை சுற்றி, மீதியை நேராய்ப் பின்னிச் செல்லுக. வரிசைக்கு ஒரு கண்ணி கூடிக்கொண்டே போய் முக்கோணம் விரியும். அதன் ஓரம் 10 அங்குலம் ஆனதும் குறைக்கத் தொடங்கலாம்: முதற் கண்ணியைப் பின்னி, அடுத்த இரண்டை ஒன்றாய்ப் பின்னி, நூலை ஒருமுறை சுற்றி, மறுபடி இரண்டை ஒன்றாய்ப் பின்னி, மீதியை நேராய்ப் பின்னுக. மறுபடி நான்கு கண்ணி எஞ்சும்போது முடித்துவிடலாம். கண்ணியை எண்ணவேண்டியதேயில்லை. 10 அங்குல நீளமுள்ள மூங்கிற் குச்சிகள் ஒன்பதை ஒரே அளவாய் நறுக்கி வீட்டுக்கு ஒன்று கொடுத்துவிட்டால், இறுக்கக் கையும் தளர்ந்த கையும் ஒரே அளவில் வந்து சேரும். ஓரத்தில் வரிசையாய் விழும் சிறு துளைகள் இணைக்கும் நூல் நுழைவதற்கே அமைந்தவைபோல் உதவும். எல்லா வரிசையும் ஒரே பின்னலானபடியால் இரு பக்கமும் ஒன்றுபோலிருக்கும், விளிம்பும் சுருளாது.

ஒரு சதுரத்தில் ஏறக்குறைய 5,000 கண்ணிகள் உண்டு. பயந்துவிடவேண்டாம், புதிய கையும் நிமிஷத்திற்குப் பத்துப் பன்னிரண்டு கண்ணி பின்னும். நாளொன்றுக்கு அரைமணி நேரம் செலவிட்டால் பதினைந்து பதினாறு நாளில் முடிந்துவிடும். கார்த்திகை முதல் மாசி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம். அப்போது ஊசியை எடுப்பதற்கில்லை. ஆடி ஆவணி மழையில் தோட்ட வேலை நிற்கும் பொழுதே இதற்குரியது. பழம் பறித்துக் காய்த்துப்போன விரல்களில் மெல்லிய நூல் சிக்கி இழைபிரியும். முதல்நாள் இரவில் தேங்காயெண்ணெய் தடவி, பின்னுமுன் கழுவித் துடைத்துக்கொண்டால் சிக்காது.

ஆண்கள் இவ்வேலையைத் தொடுவதா என்று கேட்கலாம். தென்னமெரிக்காவில் பெரு தேசத்து டாக்கிலே தீவில் பின்னல் ஊசி ஆண்களின் கையிலேயே இருக்கிறது. சிறு பையன் கற்றுக்கொள்ளவேண்டிய வித்தைகளில் அதுவும் ஒன்று. அத்தீவின் நெசவையும் பின்னலையும் 2005 இல் யுனெஸ்கோ சிறப்பித்தது. நம் நாட்டிலும் கம்பளி நெய்தவர்களில் ஆண்கள் உண்டு.

ஒன்பது வீட்டார் ஒரு முறை சேர்ந்து செய்ததோடு நின்றுவிடின் ஒரு வீட்டுக் குழந்தைக்கு மட்டும் போர்வை. மற்ற எட்டு வீட்டுக்கு வருத்தம். ஆகவே இதைச் சீட்டுப்போல் நடத்தவேண்டும். எவ்வீட்டில் முதலில் பிள்ளை பிறக்கிறதோ அவ்வீட்டுக்கு முதற்போர்வை. பின் வரும் ஒவ்வொரு பிறப்புக்கும் ஒன்பது வீட்டாரும் வீட்டுக்கொரு சதுரம். முதற்சீட்டு எடுத்தவர் பிறகு தவணை கட்டாமல் நழுவுவது பணச் சீட்டில் எவ்வளவு கேடோ, இதிலும் அவ்வளவே கேடு. அதனால் நூலைச் சங்கத்தின் மூலமாக மொத்தமாய் வாங்கி, ஒவ்வொரு வீட்டார் பெயரிலும் உருண்டைக் கணக்கு எழுதி வைப்பது நலம். ஒரே சாய நூலாயிருத்தலும் அப்போதுதான் கூடும். பிள்ளையில்லாத வீட்டாரைச் சேர்க்கலாமா என்ற கேள்வி நிச்சயமாய் எழும். அவர்களைக் கேளாமலே விலக்கிவைப்பதுதான் தவறு. சேர விரும்பினால் பேரக்குழந்தைக்கோ மருமக்கள் வீட்டுக்கோ அவர்கள் முறை வரும்.

இதைவிடக் கடினமான தடை ஒன்றுண்டு. பிள்ளை பிறக்குமுன் அதற்கென்று புதிய துணியோ சாமானோ சேர்த்து வைக்கலாகாது, கண்ணேறு படும் என்று நம் வீடுகளில் முதியோர் விலக்குவர். பிள்ளை பெற்று இழந்த தாய்மாரின் துக்கத்திலிருந்து பிறந்த வழக்கம் அது, பரிகசிக்கத்தக்கதன்று. ஆனால் அதன்படி பெயரிடும் நாளுக்கோ அதற்குப் பின்னரோ போர்வை வருமானால், மலையேறி வந்த நாளில் அது உதவியிராது. இரண்டுக்கும் ஒத்த வழி யாதெனில், போர்வை கர்ப்பிணியின் வீட்டில் இராமல் வேறொரு வீட்டில் இருப்பதே. சீட்டு முறையில் எந்தப் போர்வை எக்குழந்தைக்கு என்று முன்கூட்டி எவரும் சொல்லவேண்டியதில்லை; முடிந்த போர்வை பக்கத்து வீட்டுப் பெட்டியில் காத்திருக்கும். பாட்டிமார் இதற்குக் குறை சொல்வதற்கில்லை.

முடிந்த போர்வையில் நூல் முனைகள் எல்லாம் உள்ளே கோத்து மறைக்கப்பட்டிருக்கவேண்டும். குஞ்சம் கட்டலாகாது, சிசுவின் விரலிலும் வாயிலும் சிக்கும். முகத்தை மூடிச் சுற்றுவது கூடவே கூடாது. ஒரு வயது நிறையாத குழந்தை தனியே உறங்கும்பொழுது தளர்ந்த போர்வை முகத்தின்மேல் ஏறி மூச்சை அடைக்கக்கூடுமாதலால், உறக்கத்தில் அதை எடுத்துவிடவேண்டும் என்று வைத்தியர்கள் கூறுகின்றனர். தூளியிலும் அதைக் குவித்து வைக்கலாகாது. பிரயாணத்திலும் மடியிலும் விழித்திருக்கும் ஒருவரின் கண்முன்னே பயன்படுத்துவதற்குரியது இது. எல்லாவற்றிலும் சிறந்தது, குழந்தையைத் தாயின் மார்போடு தோல் தோலில் படும்படி சேர்த்து, தலைக்குக் குல்லாய் இட்டு, இருவர்மேலும் போர்வையைப் போர்த்துவது. 1978 இல் கொலம்பியா தேசத்துப் பொகோட்டா நகர ஆஸ்பத்திரியில், எடை குறைந்த சிசுக்களைக் காக்கக் கருவிகள் போதாமையால் தொடங்கப்பட்ட இம்முறை, பின்னர் உலகெங்கும் பரவியது.

கம்பளியை வெந்நீரில் துவைத்தால் சுருங்கித் தடித்துவிடும். பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் பிசையாமல் அலசி, முறுக்காமல், உலர்ந்த துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுத்து, நிழலில் தரையில் விரித்து உலர்த்துக. கொடியில் தொங்கவிட்டால் நீரின் பாரத்தால் நீண்டுவிடும். கொடுக்குமுன் ஒருமுறை அவ்வாறு துவைத்தே கொடுக்கவேண்டும். பிரசவ வேதனை கண்டு தாயைச் சேலத்துக்குக் கொண்டுபோகும் நாளில், துணைக்குப் போகும் பக்கத்து வீட்டம்மாள் தன் பையிலே அதை எடுத்துச் செல்லலாம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் நாளில், வண்டி அடிவாரத்தை விட்டுப் புறப்படுமுன், பையைத் திறந்தால் போதும்.