குருதி சொல்லாத உறவு

(திருச்சிராப்பள்ளியில் தமிழன்பர் கூடிய அவையில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)



ஆண்டுதோறும் தைப்பூசத்தன்று கொள்ளிடத்தின் வடகரையில் நிகழும் நிகழ்ச்சியை இவ்வூரார் அனைவரும் அறிவர். சமயபுரத்து மாரியம்மன் தன் கோயிலினின்று புறப்பட்டு ஆற்றங்கரை வந்து சேர்கின்றாள். ஆற்றின் தென்பாலுள்ள திருவரங்கக் கோயிலினின்று பட்டும் மாலையும் மஞ்சளும் பழமும் தேங்காயும் தட்டுத்தட்டாக அவளுக்குச் செல்கின்றன. அரங்கன் அண்ணன், மாரி தங்கை. அண்ணன் தங்கைக்கு விடுக்கும் சீர்வரிசை அது.

மாலுக்குத் தங்கை உண்டென்று வடமொழித் தொன்மங்களும் கூறும். ஆயினும், தைத் திங்களில் தங்கைக்குச் சீர் அனுப்பியே ஆதல் வேண்டும் என்னும் கடமை தொன்மத்தினின்று பிறந்ததன்று. கரும்பும் வெல்லமும் புத்தரிசியும் சுமந்து தங்கை வீட்டு வாயிலிற் போய் நின்ற தமிழ்க் குடியானவன், தன் வீட்டு வழக்கத்தை இறைவன் தலைமேலும் ஏற்றிவிட்டான். பங்குனியில் அதே அரங்கன் உறையூர் சென்று கமலவல்லி நாச்சியாருடன் வீற்றிருந்துவிட்டுத் திரும்புங்கால், திருவரங்கத்தில் தாயார் தரப்பினர் கதவடைக்கின்றனர். அவ்விழாவுக்கு மட்டையடி என்றே பெயர். நம்மாழ்வார் இடைநின்றே ஊடல் தீர்க்க வேண்டியிருக்கின்றது. ஓர் இறைவன், ஒரே ஆற்றிடைக்குறையைச் சுற்றி, அண்ணனாகவும் உறையூர்ச் சோழனின் மருமகனாகவும் அடிபடும் கணவனாகவும் நிற்கின்றான்.

இக்கரைக்கு வந்தால் மலைக்கோட்டை. காவிரி வெள்ளத்தால் தாய் வந்து சேர முடியாதபோது, பிள்ளைப்பேற்று நோவில் துடித்த செட்டிப்பெண்ணுக்குச் சிவன் தாய் வடிவெடுத்து வந்து மருத்துவம் பார்த்தான் என்பது அங்குள்ள கதை. அதனால் அவனுக்குத் தாயுமானவன் என்று பெயர். கதை நடந்ததா என்பது இங்கு வினா அன்று. பேறுகாலத்தில் மகளுக்குத் துணை அவள் தாயே என்பதில் இம்மக்கள் கொண்ட உறுதி, ஆண் தெய்வத்தையும் பெண்ணாக்கியது. அதுவே இங்குக் கருதத்தக்கது.

உறவு என்பது குருதி தருவது என்று நினைக்கின்றோம். அது மெய்யா என்று ஆய்ந்து பார்ப்போம். தந்தையுடன் பிறந்தவன் மகளும், தாயுடன் பிறந்தவன் மகளும் ஒருவனுக்குக் குருதித் தொலைவில் வேறானவரல்லர்; இருவரும் ஒரே அளவு நெருங்கியவரே. ஆயினும் தமிழனுக்கு முன்னவள் தங்கை, பின்னவள் முறைப்பெண். முன்னவளை மணப்பது என்னும் எண்ணமே அவனுக்கு அருவருப்பு. வடநாட்டு இந்துக்களுட் பெரும்பாலோர்க்கு இருவருமே தங்கையர். இசுலாமிய நெறியில் இருவரையுமே மணக்கலாம். குருதி ஒன்றுதான், தீர்ப்போ மூன்று. அத்தீர்ப்பை எழுதியது அவ்வவர் பண்பாடு. எழுதிய மை அவ்வவர் மொழி.

தமிழ் அத்தீர்ப்பை எத்துணைத் திட்பமாக எழுதியிருக்கின்றது, பாருங்கள்! தந்தையின் உடன்பிறந்தான் பெரியப்பன் அல்லது சிற்றப்பன்; ஆகவே அவன் பிள்ளைகள் உடன்பிறப்புகள். தாயின் உடன்பிறந்தாள் பெரியம்மை அல்லது சின்னம்மை. அவள் பிள்ளைகளும் அவ்வாறே. தந்தையின் உடன்பிறந்தாள் அத்தை; தாயின் உடன்பிறந்தான் அம்மான்; இவ்விருவர் பிள்ளைகளும் மணமுறை உடையோர். அதனால்தான் மனைவியின் தந்தைக்கும் மாமன் என்னும் அதே பெயர். இச்சொற்களை அறிந்த ஐந்து அகவைக் குழந்தைக்கு யார் யாரை மணக்கலாம் என்னும் சட்டம் முழுதும் தெரியும். எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

பழந்தமிழ் இதனினும் நுண்ணியது. தன்மையில் யாய், முன்னிலையில் ஞாய், படர்க்கையில் தாய். அவ்வாறே எந்தை, நுந்தை, தந்தை. குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டு இவற்றைப் பயன்படுத்தித்தான், தொடர்பே இல்லாத இரு குடியினர் காதலால் ஒன்றாவதைப் பாடுகின்றது. உறவுப் பெயர்க்குள்ளேயே யாருடைய உறவு என்பதும் அடங்கிக் கிடந்தது. பாவாணர் வழியில் சொற்களைப் பிரித்துப் பார்ப்பார்க்குத் தம்பி என்பது தமக்குப் பின் வந்தவன் என்று நிற்கும். 1940-இல் வெளிவந்த 'ஒப்பியன் மொழிநூல்' உருவான காலத்தில் அப்பெருமகனார் இத்திருச்சிராப்பள்ளியில் பள்ளியாசிரியராக இருந்தார் என்பதை இவ்வூர் இளைஞருள் எத்துணைப் பேர் அறிவர்?

இனி, இவ்வுறவுப் பெயர்கள் கடல் கடந்த கதையொன்று உண்டு. அமெரிக்காவில் நியூயார்க்கு மாநிலத்து வழக்கறிஞராகிய இலூயிசு என்றி மார்கன் என்பார், அந்நாட்டுத் தொல்குடியினராகிய செனக்கா மக்களின் உறவுப் பெயர்களைத் தொகுத்தார். அவர்களும் தந்தையின் உடன்பிறந்தானைத் தந்தை என்றனர். தாயின் உடன்பிறந்தாளைத் தாய் என்றனர். அம்மானை வேறு பெயரால் அழைத்தனர். பின்னர்ச் சமயத் தொண்டர் வழியாகத் தமிழ் உறவுப் பெயர்ப் பட்டியல் அவர் கைக்குக் கிடைத்தது. இரண்டும் ஏறத்தாழ ஒரே அமைப்பு! அவர் வியந்தார், 1871-இல் பெருநூலாக வெளியிட்டார். வியந்ததோடு நின்றிருந்தால் நன்று. ஒரே முறைப்பெயர் உடையார் ஒரே குருதியினராதல் வேண்டும் என்றும், அமெரிக்கத் தொல்குடியினர் ஆசியாவினின்று சென்றனர் என்பதற்கு இதுவே சான்று என்றும் முடிவு கட்டினார். தொல்குடியினர் ஆசியாவினின்று சென்றது வேறு சான்றுகளால் உண்மையே. ஆனால் முறைப்பெயர் அதற்குச் சான்றாகாது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத மக்கள் பலரிடத்தும் இவ்வமைப்புக் காணப்படுகின்றது. பண்பாட்டைக் குருதியென்று படித்ததே அவ்வறிஞர் செய்த பிழை.

அயலார் பிழையென்று சிரித்துவிட்டுப் போகவேண்டா. இவ்வவையிலும் அப்பிழை உண்டு. 1816-இல் எல்லிசும் 1856-இல் கால்டுவெலும் நிறுவியது ஒரு மொழிக்குடும்பத்தை. ஆரியம் என்று மாக்சு முல்லர் ஆண்டதும் மொழிப்பெயரே. ஆரியக் குருதி என்று பேசுவது பொருந்தாப் பேச்சு என 1888-இல் அவரே கடிந்தெழுதினார். எனினும் மேடைதோறும் 'தமிழ்க் குருதி' கொதிக்கின்றது! குருதியை எந்தக் குடுவையில் வைத்து நோக்கினாலும் அதில் வல்லின றகரம் தெரியாது. இத்தாலியிற் பிறந்து தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரை நம்மவர் என்கின்றோம். எம்முறையால்? மொழி முறையால்.

குருதிக் கொள்கையின் கொடுமையைக் காண வேறெங்கும் போக வேண்டா; அரங்கன் கோயிலுக்கே மீள்வோம். அங்குத் துலுக்க நாச்சியார்க்கு இடம் உண்டு. தில்லி அரசன் மகள் அரங்கன்மேற் காதல் கொண்டு வந்தாள் என்பர். அவள்பொருட்டு இறைவனுக்குக் கோதுமை உரொட்டியும் வெண்ணெயும் படைக்கின்றனர். வேற்று நாட்டாள், வேற்றுச் சமயத்தாள், மனைவியாயினாள். இனி இன்னொருவர் கதை. உறையூர்ப் பாணர் குடியில் வளர்ந்தவர். நாவில் தமிழ், கையில் யாழ். அவரோ காவிரியின் தென்கரையிலேயே நிற்றல் வேண்டும். கோயிலுட் கால் வைக்கலாகாது. உலோகசாரங்கர் எறிந்த கல் நெற்றியிற் பட்டுக் குருதி வழிந்தது என்றும், பின்னர் அம்முனிவரே இறைவன் ஆணைப்படி அவரைத் தோளிற் சுமந்து உள்ளே கொண்டுசென்றார் என்றும் மாலியத்தார் மரபே உரைக்கின்றது. தோளிற் சுமந்ததைப் பாராட்டிப் பேசுவார் பலர். தம் கால்களால் நடந்து செல்ல அப்பாணரை ஏன் விடவில்லை என்று கேட்பார் சிலரே. தமிழர் ஓரினம் என்று முழங்குவோர், தம் தெருவில் யார் யாரை மாமன் மைத்துனன் என்று அழைக்கின்றனர், யாரை அழைப்பதில்லை என்று எண்ணிப் பார்க்கட்டும். முறைப்பெயர் எங்கு நின்றுவிடுகின்றதோ, அங்குச் சாதியின் வேலி நிற்கின்றது.

பால் பற்றியும் சிறிது கூறவேண்டும். வடமொழியில் மனைவியைக் குறிக்கும் சொற்களுள் ஒன்று ஆண்பால். ஒன்று ஆணும் பெண்ணும் அல்லாத பால். செருமானியத்திற் சிறுமியும் அத்தகைய பாலே. தமிழிலோ பொருள்நோக்கியே பால். உயர்திணைக்கன்றி ஆண்பால் பெண்பால் ஈறு இல்லை. ஆண்மை திரிந்து பெண்மை எய்தியோரையும் தொல்காப்பியம் உயர்திணைக்கண்ணேதான் வைத்தது. பிற்காலத்துத் தெருப்பேச்சு அவர்களை 'அது' என்று அஃறிணைக்குத் தள்ளியது. இலக்கணம் செய்த பிழையன்று, நாம் செய்த பிழை. 2008-இல் தமிழ்நாட்டரசு அவர்க்கென நலவாரியம் அமைத்தது. திருநங்கை என்னும் நற்சொல்லும் நாட்டில் வேரூன்றியது. ஆனால் நம் வீட்டுள் இன்னும் கணவன் 'அவர் வந்தார்'. மனைவி 'அவள் வந்தாள்'. ஓர் ஈற்றெழுத்தில் ஏற்றத்தாழ்வு முழுதும் இருக்கின்றது. மனைவியை இழந்தவனுக்குத் தொல்காப்பியத்தில் தபுதாரநிலை உண்டு, ஊர்வழக்கிற் பெயரில்லை. கணவனை இழந்தவளுக்கோ பெயர்மேற் பெயர்!

சீர்வரிசையையும் இங்கு மறுபடி நோக்குதல் வேண்டும். அண்ணன் அனுப்பும் பட்டு அழகே. ஆயின் தங்கைக்குத் தட்டு; தம்பிக்கு நிலம். இதுவே பன்னூற்றாண்டு வழக்கம். பெண்டிர்க்குச் சொத்தில் ஒத்த உரிமை வேண்டுமெனச் செங்கற்பட்டுத் தன்மதிப்பு மாநாட்டில் 1929-இல் தீர்மானம் நிறைவேறியது. அது தமிழ்நாட்டிற் சட்டமாக அறுபது ஆண்டு சென்றது. 1989-இல் வந்த அச்சட்டத்திலும், அதற்கு முன் மணமான மகளுக்குப் பங்கில்லை. அக்குறை 2005-ஆம் ஆண்டு நடுவணரசுச் சட்டத்தாலேதான் நீங்கியது. சட்டம் வந்த பின்னும், பத்திர அலுவலகத்தில் தங்கையை உட்காரவைத்து விடுதலைப் பத்திரத்திற் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பொங்கலுக்குக் கரும்பு அனுப்பும் அண்ணன்மார் இல்லாத ஊர் எது? பண்பாடு என்று சொல்லி இதனையும் காக்கவேண்டுமோ? வேண்டா. முறைப்பெயர் வேறு; முறைகேடு வேறு. நெருங்கிய உறவிற் பெண்கொள்ளுதலால் பிள்ளைகட்கு நோய் நேரக்கூடும் என மருத்துவர் கூறுவதையும் கேட்டே ஆகவேண்டும். அம்மான் மகளை மணவாவிடினும் அம்மான் அம்மானே.

அந்த அம்மான்தான் இப்போது மறைந்துகொண்டிருக்கின்றான். சிந்தாமணியிலும் தில்லைநகரிலும் காலையிற் பள்ளி வண்டிக்கு நிற்கும் குழந்தைகளைக் கேளுங்கள். சிற்றப்பனும் 'அங்கிள்', அம்மானும் 'அங்கிள்', வண்டி ஓட்டுபவரும் 'அங்கிள்', கீரை விற்பவளும் அத்தையும் 'ஆண்ட்டி'. மரியாதைக்குக் குறைவில்லை என்பர் பெற்றோர். ஆங்கிலேயன் கதையை அவர்கள் அறியார். பழைய ஆங்கிலத்திலும் தந்தையின் உடன்பிறந்தானுக்கு ஒரு சொல், தாய்மாமனுக்கு வேறு சொல், அத்தைக்கு ஒன்று, சிற்றன்னைக்கு ஒன்று என நான்கும் இருந்தன. 1066-இல் நார்மானியர் நாட்டைப் பிடித்தனர். பிரெஞ்சு மொழி அரண்மனை ஏறியது. காலப்போக்கில் நான்கு சொற்கள் இருந்த இடத்தில் 'அங்கிள்', 'ஆண்ட்டி' என்னும் இரண்டே வந்து அமர்ந்தன. தாய்மாமனைக் குறித்த 'ஈம்' என்னும் சொல் சில வட்டார வழக்கில் நெடுங்காலம் தொற்றிக்கொண்டிருந்து பின்னர் ஒழிந்தது. அவ்விரு வந்தேறிச் சொற்களின் இலத்தீன் மூலங்களோ முறையே தாய்மாமனையும் தந்தையின் உடன்பிறந்தாளையும் மட்டுமே குறித்தவை! வென்றவன் சொல்லை ஏற்றுத் தன் உறவை இழந்தவன் ஆங்கிலேயன். அவனும் இழந்தபின் எஞ்சிய இரண்டு சொற்களைத்தான் நாம் நாகரிகம் என்று வாங்கிக்கொள்கின்றோம்.

இவ்வூர் அச்சகங்களிற் பாருங்கள். மண அழைப்பிதழின் தமிழ்ப் பக்கத்தில் தாய்மாமன் பெயர் இன்னும் தனியே அச்சாகின்றது. பெண் பூப்பெய்திய நாளிற் குடிசை கட்டவும், காதணி விழாவில் மடியில் அமர்த்தவும், மணநாளில் மாலையிட்டு அழைத்து வரவும் உரிமையுடையவன் அவன். அதே இதழின் ஆங்கிலப் பக்கத்தைப் புரட்டினால் அவனுக்கும் பேருந்து ஓட்டுநருக்கும் ஒரே பெயர். அச்சுக் கூலி இரு பக்கத்திற்கும் ஒன்றுதானாம்.