தூதை மறிக்கும் சிறு இழை

மாரியில் மட்டக்களப்பு வாவி பெருகி வயல்களை மூடுங்கால், மழையைத் தடுப்பார் எவருமில்லை. முகத்துவாரத்து மணற்றிட்டை வெட்டி, வெள்ளத்தைக் கடலுக்கு விடுவர். மரபணுவைத் தொடாது அதன் தீங்கை அடக்கும் முறையும் இத்தகையதே, நேயர்களே.

மரபணுவின் கட்டளையைத் தூது ஆர்.என்.ஏ. சுமந்துசெல்ல, கலம் புரதத்தை ஆக்குகிறது. இரட்டை இழை ஆர்.என்.ஏ. அத்தூதை அழிக்கத் தூண்டுமென 1998இல் பயரும் மெலோவும் புழுவில் கண்டனர். 2006இல் நோபல் பரிசு பெற்றனர். செயற்கையாய் ஆக்கிய 21 எழுத்துச் சிற்றிழை மனிதக் கலத்திலும் பலிக்குமென 2001இல் துஷ்ல் குழுவினர் காட்டினர்.

ஈரலில் உருவாகும் பிழைபட்ட புரதம் நரம்புகளில் படிந்து உடலை முடக்கும் பரம்பரை நோயொன்று உண்டு. அதற்கென 2018இல் அமெரிக்கா அங்கீகரித்த பற்றிசிரன், இவ்வகையின் முதல் மருந்து. மூன்று வாரத்துக்கொருமுறை அதனை ஏற்றவேண்டும். வெட்டிய வாயில் மணல் மீண்டும் சேர்வதுபோல, மாறாத மரபணுவிலிருந்து தூதும் மீண்டும் பிறக்கின்றது.