அங்கே இப்போது என்ன காலம்?

(வீர நிர்வாணத் திருநாள் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாவாபுரியில் வீரநாதர் வீடுபேறு எய்திய நாளை நினைந்து இன்று விடியலில் வழிபட்டோம். அந்த நாளைத் தொடக்கமாகக் கொண்டே வீர நிர்வாண ஆண்டு எண்ணப்படுகிறது. 2,550 ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆண்டுக் கணக்கு புதிதாகத் தொடங்கும் வேளையில் காலத்தைப் பற்றியே சிந்திப்பது பொருத்தமாகும்.

சில திங்களுக்கு முன், கல்லூரியில் இயற்பியல் பயிலும் என் பேத்தி ஒரு வினா எழுப்பினாள். “தாத்தா, நம் பிரபஞ்சத்தைப் போல வேறு பிரபஞ்சங்களும் இருக்கக்கூடும் என்று அறிஞர் சிலர் கருதுகிறார்கள். அப்படி இருந்தால், அங்கே இப்போது என்ன காலம்? இங்கே ஒரு நாள் கழிந்தால் அங்கேயும் ஒரு நாள்தான் கழியுமா?” நான் சிறிதும் தயங்காமல், “இவற்றையெல்லாம் நம் ஆகமங்கள் என்றோ சொல்லிவிட்டன” என்றேன். “எந்த நூலில், என்ன சொல்லியிருக்கிறது?” என்று அவள் பணிவோடு கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. அந்த நாணத்தால் நூல்களை எடுத்துப் படித்தேன். படித்ததையே இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் அறிவியல் கூறுவதைப் பார்ப்போம். எல்லா இடங்களிலும் காலம் ஒரே சீராக ஓடுகிறது என்ற எண்ணத்தை ஐன்ஸ்டைன் 1905ஆம் ஆண்டிலும் 1915ஆம் ஆண்டிலும் வெளியிட்ட கொள்கைகள் மாற்றின. விரைந்து செல்லும் கடிகாரம் மெதுவாக ஓடும். ஈர்ப்பு மிகுந்த இடத்திலும் கடிகாரம் மெதுவாக ஓடும். இது வெறும் கணக்கு அன்று. 1971ஆம் ஆண்டில் ஹாஃபெலே, கீட்டிங் என்னும் அறிஞர் இருவர் அணுக் கடிகாரங்களைப் பயணிகள் விமானங்களில் ஏற்றி உலகைச் சுற்றி வந்தனர். தரையில் இருந்த கடிகாரத்தோடு ஒப்பிட்டபோது, கிழக்கு நோக்கிச் சென்றவை ஏறத்தாழ 59 நானோநொடி பின்தங்கியிருந்தன. மேற்கு நோக்கிச் சென்றவை ஏறத்தாழ 273 நானோநொடி முந்தியிருந்தன. நாம் வழி கண்டறியப் பயன்படுத்தும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோநொடி முந்தும். அதனைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் பல கிலோமீட்டர் அளவுக்கு இடம் பிழைபட்டுவிடும். 2010ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஓர் ஆய்வில், ஒரு கடிகாரத்தை மற்றொன்றைவிட 33 சென்டிமீட்டர் உயர்த்தி வைத்தபோதே வேறுபாடு தெரிந்தது. அப்படியென்றால், ஒரே வீட்டில் மாடியிலும் கீழ்த்தளத்திலும்கூடக் காலம் இம்மியளவு வேறுபடுகிறது.

ஒரே பிரபஞ்சத்திற்குள்ளேயே பொதுவான கடிகாரம் இல்லை என்றால், வேறொரு பிரபஞ்சத்தில் “இப்போது” என்ன என்று எப்படிக் கேட்பது? இரண்டுக்கும் இடையே ஒளிகூடச் செல்ல இயலாவிடில், அக்கேள்விக்கே பொருள் இல்லாமல் போகிறது. மேலும், அத்தகைய பிரபஞ்சங்களை இதுவரை எவரும் கண்டதில்லை. அவை இன்றும் கருதுகோள்களே. இவ்வளவே அறிவியலின் விடை.

இனி நம் நூல்கள். உமாஸ்வாமி ஆச்சாரியரின் தத்துவார்த்த சூத்திரம் மூன்று செய்திகளைத் தெளிவாகக் கூறுகிறது. பரத, ஐராவத க்ஷேத்திரங்களில் மட்டுமே உத்ஸர்ப்பிணி, அவஸர்ப்பிணி என்னும் ஏற்றமும் இறக்கமும் உண்டு. மற்ற பூமிகள் மாறாத நிலையில் உள்ளன. பகல், இரவு, திங்கள், ஆண்டு என்னும் பகுப்பு, மனித உலகில் மேருவை வலம் வரும் சூரிய சந்திரர்களால் அமைவது. மனித உலகுக்கு அப்பால் உள்ள ஜோதிஷ்கர்கள் நகராமல் நிற்கின்றன. ஆகவே நாள் என்பதும் ஆண்டு என்பதும் எங்கும் பொதுவான அளவுகள் அல்ல. தேவருலகில் வாழ்வின் அளவே வேறு. சர்வார்த்தசித்தியில் ஆயுள் 33 சாகரோபமம். அங்குள்ள தேவர் மூச்சு விடுவது 33 பட்சங்களுக்கு ஒரு முறை, மானசிக உணவு கொள்வது 33,000 ஆண்டுகளுக்கு ஒரு முறை என்று நூல்கள் கூறுகின்றன. காலத் திரவியமும் ஒரே வெள்ளமாக ஓடுவதன்று. உலகாகாயத்தின் ஒவ்வொரு பிரதேசத்திலும் ஒவ்வொரு காலாணு, இரத்தினக் குவியலில் மணிகள்போல ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கிறது என்பது நம் மரபு.

இதைக் கேட்டவுடன், “ஐன்ஸ்டைனுக்கு முன்பே நாம் சொல்லிவிட்டோம்” என்று கூறத் தோன்றும். அவ்வாறு கூறவேண்டாம் என்பதே என் வேண்டுகோள். இரண்டும் ஒன்றல்ல. அறிவியல் பொதுவான “இப்போது” இல்லை என்கிறது. ஆகமமோ, நாம் பரதத்தில் பஞ்சம காலத்தில் இருக்கும் இதே வேளையில் விதேக க்ஷேத்திரத்தில் சீமந்தர சுவாமி சமவசரணத்தில் எழுந்தருளியிருக்கிறார் என்று, இரண்டையும் ஒரே நிகழ்காலத்தில் வைத்துப் பேசுகிறது. அறிவியல் கடிகாரத்தை அளக்கிறது. ஆகமம் உயிரின் ஏற்றத் தாழ்வை அளக்கிறது. ஒன்றுக்கு மற்றொன்றைச் சான்றாக நிறுத்துவது இரண்டுக்கும் செய்யும் தீங்காகும். வாய்மையை விரதமாகக் கொண்ட நாம், பெருமைக்காகவும் மிகைபடக் கூறலாகாது.

அப்படியானால் இந்தப் படிப்பால் நான் பெற்ற பயன் என்ன? பரத க்ஷேத்திரத்தில் ஏற்றமும் இறக்கமும் என்று சூத்திரம் கூறுகிறதே, தேய்வது எது? இதற்கு சர்வார்த்தசித்தி என்னும் உரையில் பூஜ்யபாதர் விளக்கம் தருகிறார். வளர்வதும் தேய்வதும் அந்நிலம் அன்று. அங்கு வாழும் மனிதரின் அனுபவமும் ஆயுளும் உடலளவுமே. காலம் எப்பொருளையும் கையைப் பிடித்து இழுப்பதில்லை; தானாக மாறும் பொருளுக்கு உதாசீன நிமித்தமாக நிற்பதே அதன் தொழில்.

இந்த இடத்தில் என் குறையை உங்கள் முன் சொல்லியாக வேண்டும். என் பாட்டியார் கதிரவன் மறைந்தபின் ஒருநாளும் உணவு கொண்டதில்லை. நானும் இளமையில் அவ்வாறே இருந்தேன். வேலைக்குச் சென்றபின் அது தளர்ந்தது. பிறகு முற்றிலும் நின்றது. எவரேனும் கேட்டால், “பஞ்சம காலத்தில் நம்மால் இவ்வளவுதான் முடியும்” என்பேன். ஓய்வு பெற்ற பின்னும் அதே விடைதான். நான் படித்தவற்றையெல்லாம் பேத்தியிடம் கூறியபோது, அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: “உங்கள் பாட்டி வாழ்ந்ததும் இதே பஞ்சம காலந்தானே, தாத்தா?”

இந்தச் சாக்கு புதியதன்று. குந்தகுந்த ஆச்சாரியர் காலத்திலேயே, “இது தியானத்திற்கு ஏற்ற காலமன்று” என்று சொன்னவர்கள் இருந்தனர். மோக்ஷ பாஹுடத்தில் அவர் அவர்களை மறுக்கிறார். பரத க்ஷேத்திரத்தில் இக்காலத்திலும் தர்மத்தியானம் உண்டு. மும்மணிகளால் தூய்மை பெற்றவர் இன்றும் இந்திர பதவியையோ லௌகாந்திக தேவர் நிலையையோ எய்தி, அங்கிருந்து வந்து பிறந்து வீடுபேறு அடைவர் என்கிறார். இங்கிருந்து நேரே முத்தி இல்லை என்பது உண்மை. ஆனால் வழி அடைபட்டுவிடவில்லை.

அந்த ஆச்சாரியரின் திருவடிகளை நாம் வந்தவாசிக்கு அருகில் பொன்னூர் மலையில் வணங்குகிறோம். அவர் விதேகம் சென்று சீமந்தர சுவாமியின் திவ்யத்தொனியைக் கேட்டு மீண்டார் என்பது மரபு. அம்மரபில் என் உள்ளத்தைத் தொடுவது அவர் சென்றது அன்று, திரும்பி வந்தது. நற்காலம் நிலவும் நிலத்தைக் கண்டவர், தேயும் காலத்தின் நிலத்திற்கே மீண்டுவந்து நமக்காக நூல்கள் செய்தார்.

பஞ்சம காலத்தின் அளவு 21,000 ஆண்டுகள். அதில் எட்டில் ஒரு பங்குகூட இன்னும் கழியவில்லை. இப்போதே காலத்தின்மேல் பழி போட்டால், நமக்குப் பின் வரும் தலைமுறைகளுக்கு எதை விட்டுச் செல்வோம்? மற்ற உலகங்களில் காலம் எவ்வாறு கழிகிறது என்பதை அறிஞர்கள் ஆராயட்டும். நம் பிள்ளைகளும் அவர்களோடு சேர்ந்து ஆராயட்டும். இந்த உலகில் இன்றைய நாள் எவ்வாறு கழிகிறது என்பது நம் கையில் இருக்கிறது. நான் கதிரவன் மறையுமுன் உண்ணும் வழக்கத்தை மீண்டும் தொடங்கிவிட்டேன். நீங்களும் காலத்தின் பெயரால் கைவிட்ட ஒன்றை இந்தப் புத்தாண்டில் மீண்டும் கைக்கொள்ள வேண்டும் என வேண்டி அமைகின்றேன்.

வளர்க ஜினதர்மம்! வாழ்க அறம்!