செயற்கைக்கோளுக்குச் சாதி தெரியாது

(கடலூர் மாவட்ட இளைஞர் முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



2015 நவம்பரில் நம்ம மாவட்டத்தை வெள்ளம் சூழ்ந்தபோது எங்கள் சேரியில் நான்கு நாள் இடுப்பளவுத் தண்ணீர். கணக்கெடுக்க வந்தவர்கள் ரோட்டிலேயே ஜீப்பை நிறுத்தி, ஊர்த்தெருவைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். பட்டியலில் எங்கள் பெயர் இல்லை. போய்க் கேட்டால், "உங்க பக்கம் தண்ணி வந்ததுக்கு என்னய்யா ஆதாரம்?" என்றார் ஓர் அதிகாரி. சுவர் இடிந்து நிற்கிறவனிடம் ஆதாரம் கேட்கிறார்கள்! அந்தக் கேள்விதான் என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்துவிட்டது.

வெள்ளத்தைப் பார்க்கிற செயற்கைக்கோள் இரண்டு வகை. சூரிய வெளிச்சத்தில் கேமரா மாதிரி படமெடுப்பது ஒன்று. மேகம் மூடினால் அதற்குக் கண் தெரியாது. மழைக்காலத்தில் அதை வைத்து என்ன செய்ய? இன்னொன்று ரேடார். தானே அலையை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கும். மேகமும் இருட்டும் அதைத் தடுக்காது. கரடுமுரடான நிலம் அலையைத் திருப்பி அனுப்பும்; தேங்கிய தண்ணீர் கண்ணாடி மாதிரி வேறு பக்கம் தள்ளிவிடும். அதனால் படத்தில் தண்ணீர் கறுப்பாகத் தெரியும். வெள்ளத்துக்கு முந்தைய படத்தோடு ஒப்பிட்டால் எது ஏரி, எது புதுத்தண்ணி என்று பிரித்துவிடலாம். எந்தப் பாதை முழுகியது, படகு எங்கே போகவேண்டும் என்பதும் தெரியும்.

ஹைதராபாத்திலுள்ள தேசிய தொலையுணர்வு மையம் இப்படி வரைபடம் போட்டு அரசுகளுக்குக் கொடுக்கிறது. இந்தியா 2012இல் ரிசாட்-1, 2022இல் இ.ஓ.எஸ்-04 என்று ரேடார் கோள்களை அனுப்பியிருக்கிறது. ஐரோப்பாவின் சென்டினல்-1 2014இல் மேலே போனது. அதன் படங்களை, பழையதையும் சேர்த்து, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் மயங்கிவிடக்கூடாது. அந்தப் படத்தில் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். நம்ம குடிசை நாலைந்து அதற்குள் அடங்கிப்போகும். வீடுகளுக்கு நடுவே தண்ணீர் நின்றால், அலை தண்ணீரிலும் சுவரிலும் மோதித் திரும்பிவிடும். அங்கே படம் கறுக்காது, வெளுக்கும். வயல் வெள்ளம் தெரியும். சேரித்தெரு வெள்ளம் தெரியாமல் போகலாம். ஒரு கோள் அதே பாதைக்குத் திரும்பி வர 12 நாள் ஆகும். நடுவில் வந்து வடிந்தது கணக்கிலேயே வராது.

நாளைக்கு ஒருவர் இந்தப் படத்தைக் காட்டி, "இங்கே கறுப்பு இல்லை, வெள்ளமும் இல்லை" என்று சொல்லக்கூடும். செயற்கைக்கோளுக்குச் சாதி தெரியாது. படத்தைக் கையில் வைத்திருப்பவருக்குத் தெரியும்.

அதனால் தரைக்கணக்கை நாம்தான் எழுதவேண்டும். மழைக்கு முன்பே ஒவ்வொரு தெருவையும், கைப்பம்பையும், வெளியேறும் பாதையையும் செல்போனில் இடம் குறித்து வையுங்கள். தண்ணீர் ஏறிய அளவைச் சுவரில் தேதியோடு கோடு போட்டுப் படமெடுங்கள். வானத்துப் படத்தையும் சுவர்க்கோட்டையும் சேர்த்து மேசைமேல் வைப்போம். அப்புறம் கேட்கட்டும், என்ன ஆதாரம் என்று.