மொழி தெரியாத சவேரியார்

(ஜூபிலி விழாப் பொதுக்கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



மறைபரப்புப் பணியைப் பற்றிப் பேசும்படி விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். "சாமி, புள்ளிவிவரம் வேண்டாம், கேட்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்" என்றும் சேர்த்துச் சொன்னார்கள். நல்ல யோசனைதான். ஆகவே இன்று ஒரே ஒரு வேதபோதகரைப் பற்றி, அதிலும் அவர் வாழ்வின் ஒரே ஓர் ஆண்டைப் பற்றிப் பேசப்போகிறேன். ஆள் உங்களுக்குப் புதியவரல்லர். நம் புனித சவேரியார்தான். ஆண்டு 1544.

சவேரியாரின் சுரூபத்தைப் பார்த்திருக்கிறீர்கள். உயர்த்திய கையில் சிலுவை, வானத்தை நோக்கிய கண்கள். அதைப் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கப்பலை விட்டு இறங்கினார், மடை திறந்த வெள்ளம்போல் தமிழில் பிரசங்கம் செய்தார், ஊர் ஊராக மக்கள் திருமுழுக்குப் பெற்றார்கள் என்று நினைப்பார்கள். அவர் எந்த நாட்டில் பேசினாலும் கேட்டவர்கள் காதில் அவரவர் தாய்மொழியாகவே விழுந்தது என்றுகூட ஒரு கதை உண்டு. பக்தியினால் சொல்லப்பட்ட கதை. ஆனால் சவேரியார் தம் கைப்பட எழுதிய கடிதங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அந்தக் கடிதங்களில் இருக்கிற மனிதர் வேறு. எனக்கு அந்த மனிதரைத்தான் அதிகம் பிடிக்கும்.

1541 ஏப்ரல் 7-ஆம் நாள், தமது முப்பத்தைந்தாம் பிறந்த நாளன்று, லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறினார். வழியில் மொசாம்பிக்கில் மாதக்கணக்கில் தங்க நேர்ந்தது. கோவா வந்து சேர்ந்தது 1542 மே 6-ஆம் நாள். பதின்மூன்று மாதப் பயணம்! அவ்வாண்டே முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கிருந்த பரதவ மக்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். ஆனால் கற்றுக்கொடுக்க ஆளில்லை. "நீங்கள் எதை விசுவசிக்கிறீர்கள்?" என்று கேட்டால், "நாங்கள் கிறிஸ்தவர்கள்" என்ற ஒரு பதில்தான் வந்தது.

பாரிஸ் சர்வகலாசாலையில் தத்துவம் படித்துப் பட்டம் பெற்றவர், பிறகு அங்கேயே வகுப்பெடுத்தவர், இந்தக் கடற்கரை மணலில் நின்று என்ன செய்வார்? அவருடைய தாய்மொழி பாஸ்க்கு. மக்களுடையது தமிழ். இரண்டுக்கும் எட்டாத தூரம். இரு மொழியும் தெரிந்தவர்கள் சிலரைக் கூட்டிவைத்துக்கொண்டு, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கற்பனைகள், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை ஆகியவற்றைப் பெரும்பாடுபட்டுத் தமிழில் பெயர்த்தார். பெயர்த்ததைத் தாமே மனப்பாடம் செய்தார். கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக ஆட்டிக்கொண்டு போய்ப் பிள்ளைகளைச் சேர்த்தார். நாளைக்கு இரண்டு வேளை. திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்துபோகிறது, விசுவாசப் பிரமாணத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை கட்டிப்போகிறது என்று 1544 ஜனவரியில் எழுதினார். இந்தக் கடிதத்தைத்தான் ஐரோப்பா முழுவதும் படித்து வியந்தது. நாமும் சவேரியார் திருநாளில் இதைத்தான் சொல்கிறோம்.

அதற்கு அடுத்த மாதம் தொடங்கி எழுதப்பட்ட கடிதங்களை நாம் அவ்வளவாகச் சொல்வதில்லை. அவை உரோமைக்கோ அரசருக்கோ எழுதியவை அல்ல. தம்முடன் அதே கடற்கரையில் உழைத்த பிரான்சிஸ் மான்சிலாஸ் என்ற துணைவருக்கு எழுதியவை. ஒருவர் மணப்பாட்டில் இருந்தால் மற்றவர் புன்னைக்காயலில் இருப்பார். இடையில் ஆள்மூலம் சீட்டுப் போகும். அந்த ஓராண்டில் மட்டும் இருபதுக்கு மேற்பட்ட கடிதங்கள். ஊரார் படிப்பார்கள் என்று நினைத்து எழுதாததால் அவற்றில் அன்றாடப் பாடு அப்படியே இருக்கிறது.

முதலில் தமிழ் பட்ட பாட்டைச் சொல்கிறேன். விசுவாசப் பிரமாணத்தை மொழிபெயர்த்தார்கள் என்று சொன்னேன் அல்லவா? "விசுவசிக்கிறேன்" என்று சொல்லவேண்டிய இடத்தில் என்ன போட்டிருந்தார்கள் தெரியுமா? "எனக்கு வேணும்"! (சிரிப்பு.) சிரிக்காதீர்கள். அந்த மக்கள் அதைப் பயபக்தியோடு மனப்பாடம் செய்து, கைகுவித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடவுள் எனக்கு வேணும் என்று சொல்வதில் என்ன குறை என்று யாராவது கேட்கலாம். எனக்கும் அப்படித் தோன்றியதுண்டு. ஆனால் சவேரியார் அதை விட்டுவிடவில்லை. விஷயம் தெரியவந்ததும் மான்சிலாசுக்கு எழுதினார்: "வேணும்" என்பதற்கு விருப்பம் என்றல்லவா பொருள், ஆகையால் அதை எடுத்துவிட்டு விசுவாசம் என்ற சொல்லைப் போட்டுச் சொல்லிக்கொடும் என்று. இனி ஊர் ஊராகப் போய், மனப்பாடம் ஆன பிள்ளைகளை மறக்கச் செய்து, மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். ஒரு பாட்டைத் தப்பு மெட்டில் பழகிய பாடகர் குழுவைத் திருத்திப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிரமம் தெரியும்.

இதைவிட என் மனதைத் தொட்டது 1544 ஆகஸ்டில் புன்னைக்காயலிலிருந்து எழுதிய கடிதம். மொழிபெயர்ப்பாளராக இருந்த அந்தோனி மணப்பாட்டில் நோயாகக் கிடக்கிறார். சவேரியார் தன்னந்தனியாக இருக்கிறார். என் பிழைப்பு எப்படி இருக்கும், என் பிரசங்கம் எப்படி இருக்கும் என்று நீரே எண்ணிப் பாரும் என்று மான்சிலாசுக்கு எழுதுகிறார். நான் சொல்வது அவர்களுக்குப் புரியவில்லை, அவர்கள் சொல்வது எனக்குப் புரியவில்லை என்கிறார். பிறகு ஒன்று சொல்கிறார்: குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்கிறேன், அதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. ஏழைகள் தங்கள் தேவையை மொழிபெயர்ப்பாளர் இல்லாமலேயே எனக்குத் தெரிவிக்கிறார்கள், பார்த்த மாத்திரத்தில் எனக்கும் புரிந்துவிடுகிறது.

நம் கூட்டேரிப்பட்டுச் சந்திப்பில் நின்று பாருங்கள். வடநாட்டிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள் டீக்கடையில் விரலை நீட்டி நீட்டிக் காட்டி வாங்குவார்கள். நம்மில் சிலர் அதைப் பார்த்துக் கேலி செய்வதுண்டு. புன்னைக்காயல் கடைத்தெருவில் சவேரியார் நின்ற நிலையும் ஏறக்குறைய அதுதான்.

கடலும் அவரைச் சும்மா விடவில்லை. அவ்வாண்டு ஜூன் மாதம் வடுகர் படை கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரை ஊர்களைத் தாக்கியது. மக்கள் தண்ணீரும் சோறும் இல்லாமல் கடல் நடுவே உள்ள பாறைகளில் ஒதுங்கிக் கிடந்தார்கள். சவேரியார் மணப்பாட்டில் இருபது தோணிகளில் உணவுப் பொருளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். எதிர்க்காற்று. துடுப்புப் போட்டும் நகரவில்லை, கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தும் நகரவில்லை. எட்டு நாள் கடலில் அலைக்கழிந்து, போய்ச் சேர முடியாமலே திரும்பினார். வேதபோதகர்களின் சரித்திரத்தில் இப்படிப்பட்ட பக்கங்களும் உண்டு. அரிசி இருக்கிறது, தோணி இருக்கிறது, ஆள் இருக்கிறது, பசித்தவர்கள் எங்கே என்றும் தெரிகிறது, ஆனால் போக முடியவில்லை.

திரும்பியவர் பிறகு கரைவழியே நடந்தே போனார். அங்கே கண்டதை எழுதியிருக்கிறார்: சாப்பிட ஒன்றுமில்லாதவர்கள், வயோதிகத்தால் நடக்க முடியாமல் போனவர்கள், செத்துக்கிடந்தவர்கள், வழியிலேயே பிள்ளை பெற்ற பெண்கள். அப்படித் தப்பி வந்தவர்களுக்கு ஊரிலுள்ளவர்கள் உதவ வேண்டும், இந்த ஏழைகளிடம் பட்டங்கட்டிகள் எதுவும் வாங்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

இவ்வளவையும் பொறுத்தவர் எதைப் பொறுக்க முடியாமல் தவித்தார் தெரியுமா? தம்மைப் போலவே கடல் கடந்து வந்த போர்ச்சுக்கீசியர் சிலர் செய்த அக்கிரமங்களை. அவர்கள் இந்த மக்களைக் கொள்ளையிடுவதைப் பார்த்து, எனக்கு வாழ்க்கையே சலித்துவிட்டது, இங்கிருப்பதைவிட எத்தியோப்பியா நாட்டுக்குப் போய்விடலாமா என்று இருக்கிறது என்று அதே ஆண்டுக் கடிதமொன்றில் எழுதினார். சுரூபத்தைச் செதுக்கிய கலைஞர்கள் இந்த முகத்தைச் செதுக்கவில்லை. அவருக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. இறந்தது நாற்பத்தாறில், 1552 டிசம்பர் 3-ஆம் நாள். இன்று எனக்கு ஆகும் வயதை அவர் பார்க்கவே இல்லை.

மான்சிலாசைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் நம்மைப் போன்றவர். லிஸ்பனிலேயே குருப்பட்டம் கிடைத்திருக்க வேண்டியது, படிப்புப் போதாததால் தள்ளிப்போனது. நல்ல மனமும் கபடில்லாத குணமும் படிப்பைவிட அதிகம் உள்ளவர் என்று சவேரியாரே அவருக்காகப் பரிந்து எழுதினார். குருமடத்தில் இலத்தீனோடு மல்லுக்கட்டியவர்கள் இதைக் கேட்டு ஆறுதலடையலாம். இவருக்குச் சீக்கிரம் கோபம் வரும். மக்கள் சொன்னபடி செய்யவில்லை என்று அலுத்துக்கொள்வார். அதனால்தான் சவேரியார் கடிதத்துக்குக் கடிதம் பொறுமை, பொறுமை என்று எழுதுகிறார். அடங்காத பிள்ளைகளிடம் நல்ல தகப்பன் நடந்துகொள்வதுபோல நடந்துகொள்ளும் என்கிறார். இடமே வேதனையாக இருந்தால், உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருப்பதாக எண்ணிக்கொள்ளும், இந்த உலகிலேயே அது முடிவது கடவுளின் இரக்கம் என்கிறார். பங்குக் குருக்களில் சிலரும் சில நாட்களில் இப்படி எண்ணிக்கொள்வதுண்டு. எந்தப் பங்கு என்று சொல்லமாட்டேன்.

மான்சிலாசுக்குத் துணையாக மத்தேயு என்ற பையன் இருந்தான். சாமியார் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்பவன் அவன்தான். அவனை நன்றாகக் கவனித்துக்கொள்ளும், ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கப் பேசச் சொல்லும், அவன் நல்ல மகனாக இருந்தால் நான் அவனுக்கு நல்ல தகப்பனாக இருப்பேன் என்று சவேரியார் சொல்லியனுப்புகிறார். இந்த மத்தேயுவுக்கு எந்தக் கோவிலிலும் சுரூபம் இல்லை. ஆனால் சவேரியாரின் ஆள் சொன்ன எந்த வார்த்தையும் அந்தப் பையனின் வாய் வழியாகத்தான் சனங்களைச் சென்றடைந்தது.

பிற்பாடு மான்சிலாஸ் குருவானார். 1546-ல் மொலுக்காத் தீவுகளுக்குப் புறப்பட்டு வரும்படி சவேரியார் கட்டளை அனுப்பியபோது அவர் போகவில்லை. அதற்காக இயேசு சபையிலிருந்து நீக்கப்பட்டார். அத்தோடு அவர் கெட்டுப்போய்விடவில்லை, குருவாகவே இருந்தார். சவேரியார் இறந்தபின் அவருடைய புண்ணிய வாழ்வைப் பற்றிக் கொச்சியில் விசாரணை நடந்தது. அங்கே வந்து சாட்சி சொன்னவர்களில் மான்சிலாசும் ஒருவர். தம்மைக் கண்டித்தும் தேற்றியும் எழுதிய அந்தக் கடிதங்களை அவர் கிழித்தெறியவில்லை, பத்திரமாக வைத்திருந்தார். இன்று நான் உங்களிடம் இவ்வளவும் பேச முடிவதே அதனால்தான்.

மொழி விஷயம் என்ன ஆயிற்று? 1547-ல் அண்ட்ரிக் அடிகளார் என்று நாம் சொல்லும் என்றிக்கே என்றிக்கஸ் அந்தக் கரைக்கு வந்தார். மொழிபெயர்ப்பாளரை நம்பினால் சொன்னது ஒன்று, மக்கள் கேட்டது ஒன்று என்று ஆகிறது எனக் கண்டு, இராப்பகலாகத் தமிழ் படித்தார். பழைய செபங்களில் இருந்த பிழைகளைத் திருத்தினார். 1578 அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அவருடைய "தம்பிரான் வணக்கம்" தமிழ் எழுத்தில் அச்சாகி வந்தது. பதினாறே பக்கம். 1600-இல் சாகும்வரை அந்தக் கரையை விட்டுப் போகவில்லை. இவர் இரண்டு ஆள் வேலை செய்கிறார், தங்கள் மொழியிலேயே பேசுவதால் கிறிஸ்தவர்கள் இவரை மிகவும் நேசிக்கிறார்கள் என்று 1549-ல் மெச்சி எழுதினார், தமிழ் சரியாக வராத அதே சவேரியார்.

நம் பக்கத்துக்கு வந்த பாரிஸ் வேதபோதக சபைக் குருக்களுக்கும் இதே பாடுதான். 1776 முதல் புதுச்சேரியை மையமாக வைத்து அவர்கள் இந்தச் சீமையில் உழைத்தார்கள். வெள்ளைக்காரச் சாமியாரின் தமிழைப் பேசிக் காட்டிச் சிரிக்கவைக்கும் பெரியவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் பிரியம்தான் இருக்கிறது. "ழ" வராத வாயிலிருந்து பாவமன்னிப்பு வாங்கிய தலைமுறை அது.

இப்போது காற்று திசை மாறியிருக்கிறது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் குருக்களாகவும் கன்னியராகவும் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போகிறார்கள். நம் வீடுகளில் என்ன பேச்சு? "அவளுக்கென்னம்மா, வெளிநாட்டில் இருக்கிறாள்." அந்தப் பெண் அங்கே குளிரில் ஒரு முதியோர் இல்லத்தில், பாட்டி கேட்பது தண்ணீரா போர்வையா என்று புரியாமல் நின்றுகொண்டிருப்பாள். கைப்பேசியில் அம்மா அழைத்தால் "நல்லா இருக்கேன்" என்பாள். நாமும் அதற்குமேல் கேட்பதில்லை. கேட்டாலும், எப்போது வருகிறாய், என்ன வாங்கி வருகிறாய் என்று கேட்கிறோம். ஒருவேளை அவள் அழுதுகொண்டே, "இங்கே இருக்க முடியவில்லை" என்று ஒரு நாள் சொன்னால், "ஊர் என்ன சொல்லும்?" என்பதுதான் நம் வாயில் முதலில் வருகிறது. சவேரியாரே எத்தியோப்பியாவுக்குப் போய்விடலாமா என்று எழுதினார் என்பதை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள். அவர் அதைச் சொல்ல ஒரு மான்சிலாஸ் இருந்தார்.

வெளிநாட்டிலோ வெளிமாநிலத்திலோ மறைபரப்புப் பணியில் பிள்ளைகள் இருக்கும் வீட்டார் அவர்களுடைய முகவரியை உபதேசியாரிடம் எழுதிக் கொடுங்கள். கிறிஸ்துமசுக்கு முன் பங்கிலிருந்து ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதம் போகும், கையால் எழுதிய கடிதம். மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் எழுதட்டும். அந்த ஊரில் சோற்றுக்கு என்ன சொல்வார்கள், மழைக்கு என்ன சொல்வார்கள், முதல் நாள் பேசும்போது என்ன தப்பு நடந்தது என்று கேட்டு எழுதட்டும். பதில் வந்தால் ஞாயிறு பூசைக்குப் பின் படித்துக் காட்டுவோம்.

இயேசுவுக்கே புகழ்!