பூனையின் எடையும் அதற்கேற்ற அலகும்

நெகிரி செம்பிலானின் ரந்தாவ், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் எலிக்காகவும் பாசத்துக்காகவும் வளர்க்கப்படும் பூனை எடைக்கருவியில் அசையாமல் நிற்பதில்லையாதலால், அதை ஏந்தியபடி ஒருவர் எடைபார்த்து, பின்னர் தம் எடையை மட்டும் பார்த்துக் கழிப்பதே எளிய வழியாகும். முன்பு இங்கு வழங்கிய கட்டி என்னும் நிறுத்தலளவு ஏறத்தாழ 600 கிராம். 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்துக்குப் பின் கிலோகிராம் படிப்படியாக வழக்காயிற்று. வளர்ந்த பூனைக்குக் கிலோகிராம் பொருந்தும். பிறக்கும்போது சுமார் 100 கிராமே இருக்கும் குட்டிக்கோ கிராம்தான் பொருந்தும், அதற்குச் சமையலறைத் தராசே வேண்டும். மனிதருக்கு அரைக் கிலோ குறைவது சிறிது. நான்கு கிலோ பூனைக்கோ அது உடலில் எட்டில் ஒரு பங்காதலால், தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் காட்டத்தக்க இழப்பாகும்.